பந்தயக் காருக்கு ரிமோட் எச்சரிக்கை விளக்கு: இன்ஜின் ஓடினால் சிக்னல் எட்டவில்லை

#1 மூன்றாம்கியர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் காரில் ரேடியோ கிடையாது, பிட்டில் (டிராக் ஓரம் குழு நின்று காரைக் கவனிக்கும் இடம்) இருந்து தூக்கிக் காட்டும் பலகையான பிட் போர்டு மட்டும்தான். போன பந்தயத்தில் கார் நேர்ப்பாதையில் போகும்போது பின்னால் ஆயில் புகை வருவதை நாங்கள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டோம். போர்டைத் தூக்கிக் காட்டினோம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் ஒட்டிக்கொண்டு வந்ததால் அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த சுற்றிலும் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் பேரிங் போய்விட்டது. மொத்த இன்ஜினும் பிரித்தாயிற்று.

அதனால் டேஷ்போர்டில் ஒரு விளக்கு வைத்து, பிட்டில் இருந்து பொத்தானை அழுத்தினால் எரிகிற மாதிரி செய்யலாம் என்று இறங்கினேன். 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டோடு வரும் 12 வோல்ட் ஒற்றை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போர்டு ஒன்றை வாங்கி, விளக்கை மாட்டி, வயரிங்கை முடித்தேன். ஷெட்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தபோது 150 காலடி எடுத்து வைத்துத் தள்ளிப் போயும் பளிச்சென்று எரிந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் 20 காலடி தாண்டினாலே ஒன்றும் நடப்பதில்லை. வயரை எல்லாம் மூன்று முறை பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

#2 செம்புக்கம்பி

தம்பி, நாலு விஷயம் சொல்லுங்க. பவர் எங்கே இருந்து எடுத்தீங்க? எர்த் எங்கே கொடுத்தீங்க? ஃபியூஸ் இருக்கா? கில் சுவிட்சுக்கு முன்னாடியா பின்னாடியா? படம் இருந்தால் போடுங்க.

#3 மூன்றாம்கியர்

அண்ணே, பவர் ஃபியூயல் பம்புக்குப் போகிற வயரில் இருந்தே ஒரு கிளை எடுத்தேன். தனி ஃபியூஸ் இல்லை, பம்பின் ஃபியூஸ்தான். எர்த் ரோல் கேஜ் (ஓட்டுநரைச் சுற்றியுள்ள குழாய்க் கூண்டு) போல்ட்டில். கில் சுவிட்சுக்குப் பின்னாடிதான், அதை அணைத்தால் எல்லாம் செத்துவிடும். ரிசீவர் போர்டு டேஷுக்கு அடியில், இன்ஜின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆன்டெனா அதோடு வந்த சின்ன ஸ்பிரிங்தான்.

#4 அலைவரிசை

நண்பரே, வயரிங்கில் தேடாதீர்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 150 அடி, ஓடும்போது 20 அடி என்றால் ரிசீவருக்குக் காது அடைத்திருக்கிறது. ரிமோட் அதே சத்தத்தில்தான் பேசுகிறது. காருக்குள் வேறு ஏதோ அதைவிடச் சத்தமாகக் கத்துகிறது.

விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது சூப்பர்ரீஜெனரேட்டிவ் ரிசீவர். அதற்குப் பக்கத்து அலைவரிசையைப் பிரித்துப் பார்க்கும் திறன் மிகக் குறைவு. சுற்றிலும் என்ன மின்சத்தம் இருந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். சூப்பர்ஹெட் ரிசீவர் வைத்த போர்டு என்று பார்த்து வாங்குங்கள். ரிசீவருக்குள் சின்ன உலோக டப்பா போல ஒரு கிரிஸ்டல் தெரியும், அதுதான் அடையாளம். செம்புக்கம்பி சுற்றிய சுருளும் திருகுகிற மாதிரி ஒரு கோரும் மட்டும் இருந்தால் பழைய வகை.

அடுத்தது ஆன்டெனா. 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலையின் நீளம் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 17.3 சென்டிமீட்டர் நேரான வயர் போதும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அந்த நீளத்துக்கு ஒரு வயரைச் சால்டர் செய்து, நிமிர்த்தி நிறுத்துங்கள். ரோல் கேஜ் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அது ஆன்டெனாவே இல்லை. இன்ஜின் பக்கச் சுவர் இரும்புத் தகடு. அதில் ஒட்டியது இரண்டாவது தப்பு. விண்ட்ஷீல்டுக்குக் கீழே, டேஷின் மேல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பாடி ஃபைபர் கிளாஸ் என்றால் அலை ஊடுருவிப் போகும். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும் பொருள், அது உலோகம் போலவே மறைக்கும்.

தூரம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் பிட்டைக் கடக்கிறது என்றால் விநாடிக்கு 50 மீட்டர். சிக்னல் எட்டும் தூரம் 15 மீட்டர் என்றால், வரும்போது 15, போகும்போது 15, மொத்தம் 30 மீட்டர்: 0.6 விநாடி. கண் இமைத்துப் பொத்தானை அழுத்துவதற்குள் போய்விடும். 150 மீட்டர் எட்டினால் உங்களுக்கு 6 விநாடி கிடைக்கும். அது நிதானமாக அழுத்திப் பிடிக்கப் போதுமான நேரம்.

#5 செம்புக்கம்பி

அலைவரிசை சொன்னது சரி. ஆனால் ஃபியூயல் பம்பு வயரில் கிளை எடுத்ததை நான் விடமாட்டேன். இந்த விளக்கில் ஷார்ட் ஆனால் பம்பு ஃபியூஸ் போகும், கார் நடு டிராக்கில் நிற்கும். எச்சரிக்க வைத்த விளக்கே காரை நிறுத்தலாமா? கில் சுவிட்சில் மின்சாரம் வெளியே வரும் முனையில் இருந்து தனி வயர், அதன் தொடக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ். எர்த்தும் தனி வயராக பேட்டரி நெகட்டிவ் போல்ட்டுக்கே போகட்டும். பம்பு மோட்டாரின் பிரஷ் பொறி, இக்னிஷனின் திரும்பு மின்சாரம் எல்லாம் ரோல் கேஜ் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் ரிசீவர் அதே போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

12 வோல்ட் கார் என்று சொல்கிறோமே தவிர, ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதன் மேல் ஊசி ஊசியாகக் குதிக்கிற வோல்டேஜ் வேறு. ஃபியூஸுக்கு அடுத்து வரிசையில் ஒரு 1என்4007 டையோடு போடுங்க, வயரைத் தலைகீழாக மாட்டினாலும் போர்டு பிழைக்கும். அதற்குப் பிறகு பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவில் பி6கேஇ18ஏ என்கிற டிவிஎஸ் டையோடு, குதிக்கிற வோல்டேஜை அது வாங்கிக்கொள்ளும். ரிசீவருக்குப் போகிற கிளையில் மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுபக்கம் 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், பக்கத்திலேயே ஒரு 100 நானோஃபாரட். எல்லாம் சேர்ந்து தீப்பெட்டி அளவு இடம்.

வயரைச் சால்டர் செய்து லக் (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) மாட்டாதீங்க, கிரிம்ப் பண்ணுங்க, அதாவது இடுக்கியால் நசுக்கி இறுக்குங்க. சால்டர் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் அதிர்வில் ஒவ்வொரு இழையாக அறுந்து போகும். மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே வயர் செத்திருக்கும். பந்தயக் காரில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

#6 ஏழாம்வளைவு

நான் ஓட்டுகிறவன். விளக்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லையே?

டேஷ் நடுவில் வைத்தால் ஸ்டியரிங் விளிம்பு மறைக்கும், திருப்பும்போது கையும் மறைக்கும். நேர்ப்பாதையில் நான் கண்டிப்பாகப் பார்க்கிற ஒரே இடம் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தள்ளி வையுங்கள். கண் எப்படியும் அங்கே போகும், விளக்கைத் தேட வேண்டியதில்லை.

ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பு என்றால் இது சிவப்பாக இருக்கக் கூடாது. ஆரஞ்சு மஞ்சள் நல்லது. மங்கல் வைசர் போட்டு, உச்சி வெயிலில், ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பாருங்கள். ஷெட் நிழலில் கண்ணைக் குத்துகிற எல்இடி, வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஒவ்வொரு எல்இடிக்கும் இரண்டு விரல்கடை நீளத்தில் கறுப்புக் குழாய் போட்டு, என் கண்ணை நோக்கித் திருப்பிவிடச் சொன்னேன் எங்கள் ஆட்களிடம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. மூன்று நிறம் வைத்து மூன்று செய்தி சொல்லலாம் என்று ஆசை வரும். வேண்டாம். இதயம் நிமிடத்துக்கு 160 துடிக்கும்போது பச்சைக்கு என்ன, நீலத்துக்கு என்ன என்று நினைவு வராது. ஒரு விளக்கு, ஒரே அர்த்தம்: இந்தச் சுற்றிலேயே உள்ளே வா.

#7 மூன்றாம்கியர்

இன்று காலை முழுக்க இதே வேலைதான். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் காது அடைத்திருக்கிறது என்று சொன்ன அலைவரிசைக்கு. அந்த ஒரு வார்த்தையால்தான் தேடும் இடம் மாறியது.

தம்பியை ரிமோட்டோடு 60 அடி தள்ளி நிற்க வைத்தேன். இன்ஜின் ஐடிலில். அவன் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க, நான் ஃபியூஸ் பெட்டி முன்னால் குனிந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன். ஃபேன், இல்லை. பின்விளக்கு, இல்லை. லாப் டைமர், இல்லை. கடைசியில் ஆக்சஸரி என்று எழுதிய ஃபியூஸைப் பிடுங்கியதும் ரிலே டக் என்று விழுந்து விளக்கு எரிந்தது. திரும்பச் சொருகினேன், போய்விட்டது. பிடுங்கினேன், வந்தது. ஐந்து தடவை செய்து பார்த்தேன். தூரத்தில் இருந்து தம்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

அந்த ஃபியூஸில் இருந்தது கேமராவுக்குச் சார்ஜ் போடுகிற 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் மட்டும். அது சாவி போட்டால்தான் ஓடும். ஷெட்டில் நான் சோதித்தபோது ரிலே போர்டைத் தனி பேட்டரியில் ஓட்டினேன், சாவியே போடவில்லை. அதனால்தான் குற்றத்தை இன்ஜின் மேல் போட்டுவிட்டேன்.

சார்ஜரைக் கழற்றிய பிறகு இன்ஜின் ஓடும்போது 70 அடி வருகிறது. 150 இன்னும் வரவில்லை.

#8 அலைவரிசை

அருமையான தேடல். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட நேர்மையான சோதனைக் கருவி கிடையாது.

அந்தச் சார்ஜர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும். நல்ல வடிகட்டி இல்லாத சார்ஜராக இருந்தால் அந்த வெட்டு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை சிதறும். கேமராவுக்கு அதன் சொந்த பேட்டரி போதும் என்றால் சார்ஜரை எடுத்தே விடுங்கள். வேண்டும் என்றால் வயரின் இரண்டு முனையிலும் ஃபெரைட் கிளிப் (மின்சத்தத்தை அடக்கும் வளையம்) போட்டு, ரிசீவரில் இருந்து கை நீளத்துக்கு அப்பால் வையுங்கள்.

மீதி 80 அடியைத் தின்பது இக்னிஷன்தான். ஸ்பார்க் பிளக்கின் எண்ணைப் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண்ணுக்கு நடுவில் ஆர் எழுத்து இருந்தால் உள்ளே மின்சத்தத்தை அடக்கும் ரெசிஸ்டர் உண்டு. பிபிஆர்6இஎஸ் அப்படி, பிபி6இஎஸ் அப்படியில்லை.

#9 மூன்றாம்கியர்

ஆர் இல்லை!! யாரோ பவர் கூடும் என்று சொல்லி ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டிருக்கிறார்கள். மாற்றிவிடுகிறேன்.

#10 பிட்சுவர்

இரண்டு விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ரிமோட்டில் என்ன சிப் என்று திறந்து பாருங்கள். பிடி2262 என்று இருந்தால், பக்கத்தில் எட்டு முகவரிக் கால்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் பாசிட்டிவில் இணைக்கலாம், எர்த்தில் இணைக்கலாம், சும்மா விடலாம். மூன்றின் எட்டாம் அடுக்கு, 6561 வகை. ஆனால் தொழிற்சாலையில் இருந்து வரும்போது பெரும்பாலும் எட்டுமே சும்மா விட்டுத்தான் வரும். அதே ரிமோட்டை வாங்கிய எல்லோரிடமும் அதே எண். எங்கள் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று உள்ளே வந்தது. நாங்கள் யாரும் அழுத்தவில்லை. பக்கத்துப் பிட்டில் ஒருவர் தன் கேட் ரிமோட்டை அழுத்தியிருந்தார். கால்களைச் சால்டர் வைத்து மாற்றுங்கள், ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே மாதிரி. இவி1527 சிப் என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 பிட் எண் தனியாகப் பொறித்திருப்பார்கள், பத்து லட்சத்துக்கு மேல் வகை. ரிசீவருக்குக் கற்றுக் கொடுத்தால் போதும்.

அடுத்தது, ரிலே போர்டை டாகிள் முறையில் வைக்காதீர்கள். ஒரு அழுத்தில் எரியும், அடுத்த அழுத்தில் அணையும் என்றால், கார் கண்ணில் படாத நேரத்தில் உங்களுக்கு அது எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்துவோம், எரிந்த விளக்கு அணைந்துவிடும். இரண்டு பொத்தான் முறை வையுங்கள்: ஏ எரிக்க மட்டும், பி அணைக்க மட்டும். ஏவை நூறு தடவை அழுத்தினாலும் எரிந்தபடியே இருக்கும். கார் நேர்ப்பாதைக்குள் நுழைந்ததில் இருந்து கடந்து மறையும் வரை விரலை எடுக்காமல் பிடித்திருக்கலாம்.

விதிப்புத்தகத்தையும் புரட்டுங்கள். சில பிரிவுகளில் காருக்கும் பிட்டுக்கும் நடுவில் எந்த ரேடியோ தொடர்பும் கூடாது. ஃபார்முலா ஒன்னிலேயே பிட்டில் இருந்து காரின் செட்டிங்கை மாற்றும் இருவழி டெலிமெட்ரி 2002-ல் அனுமதிக்கப்பட்டு 2003-ல் தடை செய்யப்பட்டது. நம்முடையது விளக்கு மட்டும்தான், காரில் எதையும் மாற்றாது. ஆனாலும் பரிசோதனை அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதும் நாட்டுக்கு நாடு மாறும்.

#11 ஏழாம்வளைவு

பிட்சுவர் ஐயா சொன்ன பொய் அழைப்பு பெரிய விஷயம். ஒருமுறை பொய்யாக எரிந்தால், அடுத்த முறை எரியும்போது ஓட்டுநர் மனசில் ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தில் ஒரு சுற்று போகும்.

#12 மூன்றாம்கியர்

அப்படியென்றால் ஒரு கேள்வி. ரிலேக்குப் பதில் ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் வைத்து விளக்கின் எர்த் பக்கத்தைச் சுவிட்ச் செய்யலாமா? ரிலே அதிர்வில் ஆடுமே என்று பயமாக இருக்கிறது.

#13 செம்புக்கம்பி

செய்யாதீங்க தம்பி. காரணம் சொல்கிறேன்.

எர்த் பக்கத்தைச் சுவிட்ச் செய்தால் விளக்குக்கு எப்போதும் பாசிட்டிவ் போய்க்கொண்டே இருக்கும். விளக்கில் இருந்து திரும்புகிற வயர் எங்காவது உரசி, தோல் போய், பாடியைத் தொட்டால் விளக்கு தானாகவே எரியும். பொய் அழைப்பு. பாசிட்டிவ் பக்கத்தைச் சுவிட்ச் செய்தால் அதே உரசலில் விளக்கு எரியாது. அழுத்தும்போது ஃபியூஸ் போகும். அதே ஃபியூஸில் இருந்தே ஒரு சின்னப் பச்சை எல்இடி எப்போதும் எரிகிற மாதிரி வைத்துவிடுங்க, 2.2 கிலோ ஓம் போதும். பச்சை இல்லை என்றால் சிஸ்டம் செத்துவிட்டது, பிட் போர்டைப் பார் என்று ஓட்டுநருக்குத் தெரியும்.

ரிலே இருந்தால் பாசிட்டிவ் பக்கம் சுவிட்ச் செய்வது எளிது. காமன் முனையில் பாசிட்டிவ், என்ஓ முனையில் (ரிலே இயங்கும்போது மட்டும் இணைவது) இருந்து விளக்கு. அதிர்வுக்கு, போர்டை நேராகத் தகட்டில் திருகாமல் நாலு ரப்பர் புஷ்ஷில் நிறுத்துங்க. கெப்பாசிட்டர் மாதிரி உயரமான பொருட்களின் அடியில் சிலிகோன் பசை வையுங்க. இந்த விளக்குக்குப் போவது 50 மில்லிஆம்பியர்கூட இல்லை. போர்டில் இருக்கிற சின்ன ரிலேயே தாராளம். 30, 85, 86, 87 போட்ட பெரிய கார் ரிலே இதற்குத் தேவையில்லை. அதன் காயில் சுருள் மட்டுமே 150 மில்லிஆம்பியர் குடிக்கும்.

#14 அலைவரிசை

சும்மா எரிவதைவிட மின்னுவது கண்ணில் படும். ரிலேக்கும் எல்இடிக்கும் நடுவில் ஒரு 555 (விட்டு விட்டு எரியவைக்கும் டைமர் ஐசி) வையுங்கள். 555 ஐசி 16 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, அதனால் முன்னால் 9 வோல்ட் தரும் ஒரு 7809 ரெகுலேட்டர். 10 கிலோ ஓம், 33 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை மின்னும். மூன்றாவது காலில் இருந்து இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு எல்இடியும் ஒரு 180 ஓமும். 9 வோல்ட் கொடுத்தால் 555 வெளியே தருவது ஏழரைதான். இரண்டு எல்இடி நாலு வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி மூன்றரையை 180 ஓமால் வகுத்தால் 19 மில்லிஆம்பியர். பவர் வந்த கணத்திலேயே முதல் மின்னல் எரிந்துதான் தொடங்கும், அணைந்து அல்ல.

#15 மூன்றாம்கியர்

முடித்துவிட்டேன். சூப்பர்ஹெட் ரிசீவர், 17.3 சென்டிமீட்டர் வயர், ரெசிஸ்டர் பிளக், தனி ஃபியூஸ், தனி எர்த், 555, நாலு ஆரஞ்சு எல்இடி, கறுப்புக் குழாய், பச்சை எல்இடி. சார்ஜர் காரை விட்டே போய்விட்டது. சிப் இவி1527.

இன்ஜின் ஓட, 260 அடி எண்ணும் வரை எரிந்தது. அதற்கு மேல் சுவர் வந்துவிட்டது, நடக்க இடமில்லை. ரிமோட்டை இடுப்பருகே பிடித்தபோது 190தான். தலைக்கு மேல் தூக்கினால் 260. உடம்பே மறைக்கிறது போலிருக்கிறது.

பயிற்சி ஓட்டத்தில் ஓட்டுநரிடம் எந்தச் சுற்று என்று சொல்லாமல் அழுத்தினோம். நாலு தடவை அழுத்தினோம், நாலு தடவையும் அதே சுற்றில் உள்ளே வந்தார். மூன்றாவது தடவை அவருக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார். போர்டையும் தூக்கியிருந்தோம். போர்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எந்த போர்டு என்று கேட்டார்.

#16 பிட்சுவர்

மகிழ்ச்சி. போர்டை மட்டும் கைவிடாதீர்கள், பச்சை அணைந்தால் அதுதான் துணை. டிராக்கில் காட்டும் கொடிக்கும் இது மாற்று இல்லை. அவர் பார்த்துவிட்டார் என்பது உங்களுக்கு எப்படித் தெரிகிறது?

#17 மூன்றாம்கியர்

விளக்கைப் பார்த்ததும் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடிப்பார். நேர்ப்பாதையிலேயே அடித்துவிட்டால் எங்களுக்கே தெரியும். முதல் வளைவில் அடித்தால் அங்கே நிற்கிற எங்கள் ஆள் கையைத் தூக்குவான். அது வரும்வரை ஏவில் இருந்து விரலை எடுப்பதில்லை.